கடலின் பழைய கணக்கேடுகள்: சூடாகும் கடலில் மீன் வளத்தைக் காக்க 150 ஆண்டுப் பதிவுகள் எப்படி உதவுகின்றன?

1980களிலும் 1990களிலும் நோர்வேயில் தஞ்சம் கேட்டு வந்த எம்மவர்களில் பலருக்குக் கிடைத்த முதல் வேலை, வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில்தான். பின்மார்க் மாவட்டத்தின் கரையோரச் சிற்றூர்களில், சூரியனே எட்டிப் பார்க்காத மாரிகாலத்தில், கொட் மீனை வெட்டித் துண்டங்களாக்கும் மேசைகளில் அவர்கள் நின்றார்கள். மீன் குவிந்த ஆண்டுகளில் மேலதிக நேர வேலை கிடைத்தது. மீன் வராத ஆண்டுகளில் ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. 1989 ஏப்ரல் 18 அன்று நோர்வே அரசு கரையோரப் படகுகளின் கொட் மீன்பிடியை நடுப் பருவத்திலேயே நிறுத்தியது. அந்த நாள் வட நோர்வேயின் கரையோர மக்களால் இன்றும் பேசப்படுகிறது.

மீன் ஏன் சில காலம் திரண்டு வருகிறது, ஏன் சில காலம் காணாமற் போகிறது? மனிதன் அளவுக்கு மீறிப் பிடிப்பதாலா, கடல் தானாக மாறுவதாலா? கடல் வேகமாகச் சூடாகிவரும் இந்தக் காலத்தில், எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கான விடை அவசியம். இருபது, முப்பது ஆண்டுகளின் புள்ளிவிபரம் அதற்குப் போதாது. கடலின் வெப்பம் பல பத்தாண்டுகள் நீளும் அலைகளாக ஏறி இறங்குகிறது. அப்படியொரு அலையை முழுதாகப் பார்க்கவே அறுபது, எழுபது ஆண்டுகளின் கணக்கு வேண்டும். அதனால்தான் ஆய்வாளர்கள் பழைய ஏடுகளைத் தேடிப் போகிறார்கள்.

எவையெல்லாம் பதிவுகள்?

மீன்பிடி வரலாற்றுப் பதிவு என்றால் அரசாங்கப் புள்ளிவிபரம் மட்டுமல்ல. வரி ஏடுகள், துறைமுக ஏற்றுமதிக் கணக்கு, கப்பல் தலைவர்களின் நாட்குறிப்பு, மீன் வியாபாரிகளின் பற்றுச்சீட்டு, தேவாலயத்துக்குச் செலுத்திய தசமபாகக் கணக்கு, கலங்கரை விளக்கக் காவலர் குறித்துவைத்த கடல்நீர் வெப்பநிலை ஆகிய எல்லாமே இதில் அடங்கும். மனிதன் எழுதாத பதிவுகளும் உண்டு. மீனின் செதிளிலும் காதுக்கல்லிலும் மரத்தின் ஆண்டு வளையம்போல வளையங்கள் விழுகின்றன. அவற்றை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாம். ஒட்சிசன் குறைந்த கடலடிச் சேற்றில் படையாகப் படிந்த செதிள்களைக் கொண்டு, எழுத்தே இல்லாத காலத்து மீன் வளத்தையும் ஊகிக்கலாம்.

லொபோட்டன்: மீன் வராத ஆண்டுகள் எழுப்பிய கேள்வி

வட நோர்வேயின் லொபோட்டன் தீவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் ஏப்ரல் வரை, பரென்ட்ஸ் கடலில் வாழும் கொட் மீன் சினையிட வருகிறது. அங்கே அதை உப்பிடாமல், மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே கருவாடாக்குகிறார்கள். மத்திய காலத்திலிருந்தே பேர்கன் துறைமுகம் வழியாக ஐரோப்பா முழுவதும் போன இந்தக் கருவாடு, நோர்வேயின் மிகப் பழைய ஏற்றுமதிப் பொருட்களில் ஒன்று. பருவம் பொய்த்தால் கரையோரம் முழுவதும் பசி. எனவே அரசாங்கம் 1850களின் இறுதியில் லொபோட்டன் மீன்பிடிக்கென ஒரு மேற்பார்வை அமைப்பை ஏற்படுத்தியது. எத்தனை படகுகள், எத்தனை பேர், என்ன வலை, எத்தனை மீன் என்ற கணக்குகள் அக்காலம் முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன.

1864இல் கெயோர்க் ஒசியான் சார்ஸ் என்ற இளம் விலங்கியலாளரை அரசாங்கம் லொபோட்டனுக்கு அனுப்பியது. மீன் வரத்து ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கண்டறிவதுதான் அவருக்கு இடப்பட்ட பணி. மீன்கள் கடலடியில் முட்டையிடுகின்றன என்று நம்பப்பட்ட காலம் அது. கொட் மீனின் முட்டைகள் நீரின் மேற்பரப்பில் மிதப்பதை சார்ஸ் கண்டார். முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு வடக்கே பரென்ட்ஸ் கடலுக்குப் போகின்றன என்றால், அவற்றின் பிழைப்பு நீரோட்டத்தையும் வெப்பத்தையும் உணவையும் பொறுத்தது என்றாகிறது.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் யோஹான் யோர்ட். அவருடைய குழுவில் இருந்த ஏய்னார் லேயா போன்றோர் ஹெரிங் மீனின் செதிள் வளையங்களை ஆண்டுதோறும் எண்ணினார்கள். 1904இல் பிறந்த ஹெரிங் தலைமுறை ஒன்றே அதன்பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடிபட்ட மீனில் பெரும்பங்காக இருந்தது அதனால் தெரியவந்தது. 1914இல் வெளியான யோர்ட்டின் ஆய்வு இதிலிருந்து ஓர் அடிப்படை முடிவுக்கு வந்தது. மீன் வரத்து ஏறி இறங்குவதற்கு மீன் கூட்டம் வேறிடம் போவது மட்டும் காரணமல்ல. சில ஆண்டுகளில் பிறக்கும் குஞ்சுகள் பெருமளவில் பிழைக்கின்றன, பல ஆண்டுகளில் பிழைப்பதில்லை. இன்று உலகெங்கும் மீன் வளத்தை மதிப்பிடும் முறைகள் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன. பல ஆண்டுகள் விடாமல் எண்ணியிராவிட்டால் 1904 தலைமுறையின் கதை யாருக்கும் தெரிந்திராது.

வெப்பமானியின் கணக்கு

மீன் கணக்கு ஒருபுறமிருக்க, கடலின் வெப்பத்தைக் குறிக்கும் பழக்கமும் அதே காலத்தில் தொடங்கியது. ரஷ்யாவின் கோலா குடாவிலிருந்து வடக்கு நோக்கி, ஒரே நெடுங்கோட்டுக் கோட்டில் குறிப்பிட்ட இடங்களில் கப்பலை நிறுத்தி, வெவ்வேறு ஆழங்களில் நீரின் வெப்பத்தை அளந்தார்கள். 1900இல் தொடங்கிய இந்தக் 'கோலா கோடு', போர்களாலும் புரட்சியாலும் இடையிடையே அறுந்தாலும் இன்றுவரை தொடர்கிறது. உலகின் மிக நீண்ட கடல் வெப்பத் தொடர்களில் இதுவும் ஒன்று. நோர்வேயில் பியோர்ன் ஹெல்லன்-ஹான்சனும் பிரித்யோவ் நான்சனும் 1909இல் வெளியிட்ட நோர்வேஜியக் கடல் பற்றிய பெரும் ஆய்வில், கடலின் வெப்ப ஏற்ற இறக்கத்தையும் மீன்பிடியின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். பின்னாளில் நாடற்ற அகதிகளுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் செய்து, 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே நான்சன்தான் இவர்.

கோலா கோடு காட்டும் படம் இது: நூற்றாண்டின் தொடக்கத்தில் குளிர், 1920களிலிருந்து 1950கள் வரை பொதுவாக வெப்பம், 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை மறுபடி குளிர், அதன்பின் ஏறுமுகம். 1920களின் வெப்பக் காலத்தில் கொட் மீன் வடக்கே சுவால்பாட், கரடித்தீவு வரை பரவியது. முன்பு கொட் மீன் அரிதாக இருந்த மேற்குக் கிரீன்லாந்தில் பெரிய மீன்பிடி உருவாகி, 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் தொன்னுக்கு மேல் பிடிபட்டது. பின்னர் கடல் குளிர்ந்தது, படகுகளோ குறையவில்லை. சில ஆண்டுகளில் அந்த மீன்பிடி இல்லாமற் போய், கிரீன்லாந்தின் ஊர்கள் இறாலுக்கு மாறின.

சினைப் பீப்பாய்கள் சொன்ன செய்தி

பழைய பதிவை எப்படிப் புதிய கேள்விக்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல உதாரணம் கொட் மீனின் சினை. அதை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து விற்பது நோர்வேயில் ஒரு தனித் தொழில். பிரான்சின் மீனவர்கள் சார்டின் பிடிக்க அதை இரையாகத் தூவினார்கள். எந்த மாவட்டத்தில் எவ்வளவு சினை சேர்ந்தது என்ற கணக்கை வியாபாரத்துக்காக எழுதிவைத்தார்கள். சினை நிறைந்த மீன் பிடிபட்ட இடம், மீன் சினையிடும் இடத்துக்கு அருகில்தான் இருக்க வேண்டும். நோர்வேயின் ஆய்வாளர்கள் ஸ்வைன் சுண்ட்பியும் ஒட் நாக்கனும் இந்த ஏடுகளை எடுத்து, 1900 முதல் 1976 வரையான மாவட்டவாரிக் கணக்கைக் கோலா கோட்டின் வெப்பத்தோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த காலங்களில் சினையிடல் தெற்கே மோரே கரை நோக்கி நகர்ந்தது. வெப்பக் காலங்களில் வடக்கே துரும்ஸ், பின்மார்க் நோக்கி நகர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சினையிடல் காணப்படாத கிழக்குப் பின்மார்க்கில் மறுபடியும் அது பதிவாகத் தொடங்கியிருப்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆண்டர்ஸ் ஓப்டால் என்ற ஆய்வாளர் அதே வகைப் பழைய பதிவுகளைக் கொண்டு வேறொரு காரணத்தை முன்வைத்தார். பரென்ட்ஸ் கடலில் இழுவைக் கப்பல்கள் பெருகிய பின், வயது முதிர்ந்த பெரிய மீன்கள் அருகின. 1930களில் ஏறக்குறைய 10 வயதில் முதிர்ந்த கொட் மீன், பின்னாளில் 7 வயதளவிலேயே முதிர்கிறது. சிறிய உடலால் வெகுதூரம் தெற்கே நீந்திப் போவது கடினம். ஆகவே சினையிடல் வடக்கே ஒதுங்கியது என்பது அவர் வாதம்.

மீன் பிடிப்போருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இந்த வாதத்தின் விளைவு நேரடியானது. வெப்பம்தான் காரணம் என்றால் தென் மாவட்டங்களின் துறைகள் மாற்றுத் தொழிலுக்கு ஆயத்தமாக வேண்டும். மீன்பிடிதான் காரணம் என்றால் பெரிய மீனைப் பிழைக்க விடும் சட்டங்களால் தெற்குத் துறைகளையும் மீட்க இடமுண்டு. இரண்டும் கலந்தே நடக்கின்றன என்பதும் சாத்தியம்.

வெப்பம் உதவியும் அழிந்த ஹெரிங்

காலநிலை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எண்ணுவோருக்கு நோர்வேயின் ஹெரிங் ஒரு மறுப்பு. இருபதாம் நூற்றாண்டு முழுவதற்கும் பழைய பிடிபாட்டையும் செதிள் வயதுகளையும் கொண்டு அதன் அளவைக் கணித்திருக்கிறார்கள். கடல் சூடாகிய காலத்தில் சினையிடும் ஹெரிங்கின் மொத்த எடை பெருகி, 1940களில் 1 கோடி தொன்னைத் தாண்டியது. பிறகு ஒலியலை கொண்டு மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும், பெருவலையை இயந்திரத்தால் இழுக்கும் உருளையும் வந்தன. 1960களின் இறுதிக்குள் அந்த மாபெரும் கூட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமற் போனது. கடல் குளிரத் தொடங்கியது நிலைமையை மோசமாக்கியது. முதற் காரணம் எல்லையற்ற பிடிதான். கடுமையான தடைகளுக்குப் பின், 1983இல் பிறந்த வலுவான ஒரு தலைமுறையின் துணையோடு அது மீண்டுவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

நியூபவுண்ட்லாந்து: 500 ஆண்டுக் கணக்கு

1986 ஓகஸ்ட் மாதம், 155 ஈழத்தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதந்தபோது, அவர்களைக் கண்டு காப்பாற்றியவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். கனடாத் தமிழர் இன்றும் நன்றியோடு நினைக்கும் நிகழ்வு அது. ஆறு ஆண்டுகளுக்குள் அதே மீனவ சமூகம் தன் வாழ்வாதாரத்தை இழந்தது. 1992 யூலை 2 அன்று கனடா அரசு வடகொட் மீன்பிடியை முற்றாக நிறுத்தியது. மீனவர்களும் ஆலைத் தொழிலாளிகளுமாக ஏறக்குறைய 30,000 பேர் வேலையிழந்தார்கள். பலர் ஊரைவிட்டே போனார்கள்.

1497இல் ஜோன் கபோட் வந்த காலம் தொட்டு ஐரோப்பியர் அங்கே கொட் பிடித்ததால், ஏறக்குறைய 500 ஆண்டுகளின் பிடிபாட்டைத் துண்டு துண்டாகவேனும் சேர்க்க முடிகிறது. ஜோர்ஜ் றோஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பிடிபாட்டையும் மர வளையங்கள் போன்ற காலநிலைச் சான்றுகளையும் ஒன்றாக்கி 2004இல் ஒரு கணிப்பை வெளியிட்டார். 1800 முதல் 1880 வரையான வீழ்ச்சி குளிரால் கடலின் விளைச்சல் குறைந்ததால் ஏற்பட்டது. 1960களின் வீழ்ச்சிக்கு அளவுமீறிய மீன்பிடி மட்டுமே காரணம். 1968இல் மட்டும் 8 லட்சம் தொன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1980களின் இறுதியில் வந்த வீழ்ச்சியில் மீன்பிடியும் விளைச்சல் குறைவும் கைகோத்தன. நீண்ட கணக்கு இல்லாமல் இந்த மூன்றையும் பிரித்தறிய வழியில்லை. 1992க்குப் பின் அரசியல்வாதிகள் குளிரைக் குற்றம் சாட்டினார்கள், மீனவர்கள் அந்நியக் கப்பல்களைக் குற்றம் சாட்டினார்கள், சிலர் கடல்நாய்களைக் குற்றம் சாட்டினார்கள்.

இன்னொரு பாடமும் இங்கே உண்டு. கரைக்கு அருகே சிறு படகுகளில் தொழில் செய்தவர்கள் 1980களின் நடுப்பகுதியிலேயே மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று எச்சரித்தார்கள். ஆழ்கடல் இழுவைக் கப்பல்களோ எஞ்சிய மீன் திரண்டு நின்ற இடத்தைத் தேடிப்போய் நன்றாகவே பிடித்தன. அதிகாரிகளின் மதிப்பீடு பெரிய கப்பல்களின் கணக்கை அதிகம் நம்பியது. 32 ஆண்டுகள் கழித்து, 2024இல்தான் தடை நீக்கப்பட்டது. அந்த ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிடிபாடு 18,000 தொன் மட்டுமே.

அளவுகோல் நழுவுதல்

டானியல் போலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் ஓர் ஆபத்தைப் பெயரிட்டுச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட கடலையே 'இயல்பான கடல்' என்று எடுத்துக்கொள்கிறது. பாட்டன் கண்டதில் பாதி தந்தைக்கு இயல்பு. தந்தை கண்டதில் பாதி மகனுக்கு இயல்பு. இப்படி அளவுகோலே நழுவிக்கொண்டு போனால், மீளாத இழப்பும் இழப்பாகத் தெரியாது.

இதைச் சரிசெய்யப் பழைய ஏடுகள் உதவுகின்றன. அமெரிக்காவின் பெவர்லி துறையிலிருந்து பாய்க்கப்பல்களில் போய்த் தூண்டிலால் கொட் பிடித்தவர்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு, 1852இல் கனடாவின் ஸ்கோஷியன் மேடையில் ஏறக்குறைய 12.6 லட்சம் தொன் கொட் இருந்திருக்கும் என்று 2005இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆய்வு செய்யப்பட்ட காலத்தில் அங்கே இருந்தது 50,000 தொன்னுக்கும் குறைவு. 'வளம் மீண்டுவிட்டது' என்று அறிவிக்குமுன் எந்த ஆண்டின் வளத்தோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுதான்.

முடிவெடுப்பில் பதிவுகளின் இடம்

பரென்ட்ஸ் கடல் கொட் மீனை நோர்வேயும் ரஷ்யாவும் கூட்டு ஆணைக்குழு ஒன்றின் மூலம் பங்கிடுகின்றன. 1946 முதல் ஆண்டுவாரியாக உள்ள கணக்கைப் பார்த்து, சினையிடும் மீனின் எடை 460,000 தொன்னுக்குக் கீழே போனால் மீன்பிடியைக் குறைக்க வேண்டும் என்ற விதியை வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அனுமதி அளவு சடுதியாக மாறாதபடியும் வரம்பு உண்டு. மீன் தாராளமாக இருக்கிறது என்று தோன்றும் ஆண்டிலும், வீழ்ச்சி வரும் ஆண்டிலும் அரசியல் அழுத்தத்துக்கு இடங்கொடாமல் இருக்கவே இந்த முன்கூட்டிய விதி.

1989 நெருக்கடிக்குப் பின் பிடியைக் கட்டுப்படுத்தியதும், கடல் சூடாகி மீனின் மேய்ச்சல் பரப்பு விரிந்ததும் சேர்ந்து, 2013இல் அனுமதி அளவு 10 லட்சம் தொன்னை எட்டியது. இந்தச் செழிப்பு நிலைக்கும் என்று நம்பியவர்கள் பழைய கணக்கை மறந்துவிட்டார்கள். சூடான ஆண்டு நல்ல தலைமுறை பிறக்க உதவலாம், உத்தரவாதம் தராது என்பது நோர்வேயின் நீண்ட பதிவுகளில் தெளிவாகவே இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் பிறந்த தலைமுறைகள் பலவீனமாக இருந்தன. 2025க்கான அனுமதி அளவு 340,000 தொன்னாகச் சுருங்கியது. 1991க்குப் பின் அதுவரை இருந்தவற்றில் அது மிகக் குறைந்த அளவு. தெற்கே, கொட் மீன் வாழக்கூடிய எல்லையின் விளிம்பிலுள்ள வடகடலில், வெப்பம் ஏற ஏறக் குஞ்சுகள் பிழைப்பது குறைகிறது. ஒரே மீன், ஒரே வெப்ப ஏற்றம், இடத்தைப் பொறுத்து எதிரெதிர் விளைவு.

வெப்பநிலையையே நேரடியாக விதிக்குள் வைத்தவர்கள் அமெரிக்காவின் மேற்குக் கரையினர். கலிபோர்னியாவின் லா ஹோயா கடற்பாலத்தில் 1916 முதல் அன்றாடம் நீர் வெப்பம் குறிக்கப்படுகிறது. சாந்தா பார்பரா கடலடிச் சேற்றின் செதிள் படைகள், ஏறக்குறைய 1,700 ஆண்டுகளாக சார்டின் மீன் பெருகியும் அருகியும் வந்ததைக் காட்டின. பெரிய படகுகளே இல்லாத காலத்திலும் அப்படித்தான். எனவே கடல் சூடாக இருந்தால் கூடுதல் பங்கும், குளிர்ந்தால் குறைந்த பங்கும் பிடிக்கலாம் என்ற விதியை 1990களின் இறுதியில் வகுத்தார்கள். 2010இல் மறு ஆய்வு செய்தபோது, அந்தப் பாலத்து வெப்பத்துக்கும் சார்டின் பெருக்கத்துக்கும் இருந்த பழைய தொடர்பு நிலைக்கவில்லை என்று தெரிந்தது. பின்னர் திறந்த கடலில் எடுத்த வெப்ப அளவுக்கு மாறினார்கள். சார்டின் குறைந்துபோய், 2015இல் அந்த மீன்பிடி மூடப்பட்டது. நேற்றைய தொடர்பு நாளையும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அளப்பதை நிறுத்தாதவர்களுக்கே அது மாறியதும் தெரியவரும்.

பதிவுகளை எப்படி வாசிப்பது?

பழைய கணக்கை அப்படியே நம்பவும் முடியாது. நிறைய மீன் பிடிபட்டது என்றால் கடலில் நிறைய மீன் இருந்தது என்பது கட்டாயமல்ல. படகுகள் கூடியிருக்கலாம், நைலோன் வலை வந்திருக்கலாம், விலை ஏறியிருக்கலாம். வரிக்குப் பயந்து குறைத்து எழுதியிருக்கலாம். ஆகவே ஒரு பதிவைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் இவை: எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எத்தனை பேர் எந்த வலையோடு போனார்கள், எண்ணிய முறை இடையில் மாறியதா, இதையே சொல்லும் வேறொரு சான்று உண்டா?

எங்கள் கடலின் ஏடுகள்

எங்கள் கடலுக்கும் இப்படிப் பழைய கணக்கு உண்டு. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் பார்களை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வருமானத்துக்காகச் சோதித்து எழுதிவைத்தார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்ததும், பிறகு பத்து, இருபது ஆண்டுகள் சிப்பியே இல்லாமற் போனதும் அவற்றில் உள்ளன. 1902இல் வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், தன் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலுடன் சேர்ந்து இவற்றை ஆராய்ந்தார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரும்பத் திரும்பப் பெருந்தொகையாகப் படிந்தும், ஒருமுறைகூட முத்துக்குளிப்புக்கு முதிராமல் அழிந்ததைப் பழைய சோதனை ஏடுகள் காட்டின. சோளகக் காலத்து அலையும் நீரோட்டமும் நேராகத் தாக்கும் இடம் அது. அங்கிருந்து இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றலாம் என்பது அவர்களின் யோசனை. அரசாங்கமோ 1906இல் பார்களை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் குளித்தெடுத்த பின் பார்கள் வெறிச்சோடின. அடுத்த முத்துக்குளிப்பு 1925இல்தான் நடந்தது.

இந்தியக் கரையில் 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் துறைதோறும் மீன் இறக்குவதைக் கணக்கெடுத்து வருகிறது. கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் தொன் கிடைத்த மத்திச் சாளை, 2021இல் 3,500 தொன்னுக்கும் கீழே போனது. முன்பு மலபார்க் கரைக்கே உரியதாக இருந்த அந்த மீன், பிந்திய பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் பெருமளவு பிடிபடுவதும் அதே கணக்கிலிருந்து தெரியவந்தது. கடல் சூடாவதை அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர் கூறுகிறார்கள்.

ஈழத்தின் வடகரையில் நிலைமை வேறு. 1983க்கு முன் இலங்கையின் மீன் உற்பத்தியில் யாழ்ப்பாணம் முன்வரிசையில் இருந்தது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே வந்து, 1967இல் தொடங்கிய சீ-நோர் நிறுவனம், நோர்வே மக்களின் உதவியோடு குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டும் தளமும் நடத்திய காலம் அது. பிறகு வந்த போரில் கடல் தடைவலயமாயிற்று, கரையோர ஊர்கள் இடம்பெயர்ந்தன, சங்கக் கட்டடங்களும் ஏடுகளும் எரிந்தன. முறையாகக் கணக்கெடுக்க வேண்டிய ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஓட்டையாகிக் கிடக்கிறது. 2009க்குப் பின் எடுக்கப்படும் கணக்கை மட்டும் வைத்து இதுதான் எங்கள் கடலின் இயல்பு என்று தீர்மானித்தால், போருக்கு முந்திய வளம் கணக்கிலேயே வராமற் போகும். இழுவைமடி அழித்தது எவ்வளவு, கடல் சூடானதால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் முடியாது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதனால் என்ன மீண்டது என்று காட்டுவதற்கும் பழைய அளவு ஒன்று வேண்டும்.

அந்தப் பழைய அளவின் ஒரு பகுதி இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வயது முதிர்ந்தவர்களின் நினைவில் இருக்கிறது. நினைவும் ஒரு பதிவாகலாம். நியூபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீனவர்களின் நினைவுகளை முறையாகச் சேகரித்து, அரசாங்கக் கணக்கோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் கேட்டு எழுதிவைக்கக்கூடியவை இவை:

எந்தத் துறையிலிருந்து, எந்தப் பாருக்கு அல்லது எந்தக் களத்துக்குத் தொழிலுக்குப் போனார்கள். அந்த இடத்துக்கு ஊரில் வழங்கிய பெயர் என்ன.

கட்டுமரமா, வள்ளமா, இயந்திரப் படகா; கரைவலையா, களங்கண்டியா, தூண்டிலா; எத்தனை பேர் போனார்கள்.

சோளகத்தில் என்ன மீன், வாடைக்காற்றில் என்ன மீன். ஒரு நல்ல நாளின் பாடு எவ்வளவு, மோசமான நாளின் பாடு எவ்வளவு.

முன்பு கிடைத்துப் பின் காணாமற் போன மீன் எது. முன்பு காணாத எது புதிதாக வந்தது.

ஆண்டு நினைவில்லாவிட்டால் 1964 புயலுக்கு முன்னா பின்னா, 1983க்கு முன்னா பின்னா என்று கேட்டால் காலம் பிடிபடும். சொன்னவரின் வார்த்தைகளிலேயே, மீனின் ஊர்ப்பெயரோடு எழுதுவது நல்லது. பெட்டியடியில் பழைய சங்கப் பற்றுச்சீட்டு, சம்மாட்டியின் கொப்பி, படகோடு எடுத்த புகைப்படம் ஏதேனும் கிடந்தால் அதை எறியாமல் படியெடுத்து வைக்கலாம். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இத்தகையவற்றைப் பாதுகாக்கின்றன.

லொபோட்டனின் மேற்பார்வையாளர் படகுகளை எண்ணியபோதும், சினை வியாபாரி பீப்பாயை எண்ணியபோதும் காலநிலை மாற்றம் என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. தம் நாளின் வேலைக்காக எழுதினார்கள். அவர்கள் எழுதிவைத்ததால்தான் நோர்வேயின் மீனவர் தம் கடலுக்கு என்ன நடந்தது என்று ஆதாரத்தோடு வாதாட முடிகிறது. எங்கள் கரையில் அந்த ஆதாரத்தைச் சொல்லக்கூடியவர்கள் எழுபது, எண்பது வயதுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலை இந்த மாரிகாலத்திலேயே தொடங்கக்கூடியது.